விளக்குத்தூணும் தாய்ப் பத்திரமும்

வணக்கம் அக்கா,

மதுரையில் நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர் மாதம் ஒரு ஞாயிறு கூடி ஊர் வரலாறு வாசிக்கிறோம். கீழடி முடித்தோம், பாண்டியர் முடித்தோம். இப்போது கூட்டம் குறைகிறது. நாவல்களையும் சேர்க்கலாமா? அடுத்த ஓராண்டுக்கு ஒரு பட்டியல் தர முடியுமா?

அன்புள்ள தம்பி,

கூட்டம் குறைந்தால் குறையட்டும், ஐந்து பேர் போதும். நாவல் உங்கள் இஷ்டம். ஆனால் ‘பாண்டியர் முடித்தோம்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்ததும் சுருக்கென்று கோபம் வந்தது. போர்ஷனா முடிக்கிறீர்கள்?

நம் ஊர்க்காரர்களுக்கு இது ஒரு வியாதி. இரண்டாயிரம் வருடம் என்றால் நெஞ்சை நிமிர்த்துவோம், இருநூறு வருடம் என்றால் முழிப்போம். விளக்குத்தூண் பக்கம் ஜிகர்தண்டா குடிக்கிறவர்களில் எத்தனை பேருக்கு அந்தத் தூண் பிளாக்பர்ன் என்ற கலெக்டரின் நினைவாக வைத்தது என்று தெரியும்? 1840-களை ஒட்டி கோட்டைச் சுவரை இடித்து அகழியைத் தூர்க்கவைத்தவர் அவர். அந்த வேலையைப் பார்த்த சர்வேயர் மாரட், மேஸ்திரி பெருமாள். இரண்டு பேரையும் தினமும் ஆட்டோக்காரரிடம் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறோம், தெருப் பெயராக. சுவருக்கு வெளியே போனதால் வெளிவீதி. மிச்சமிருக்கும் ஒரு துண்டுக் கோட்டை பெரியார் பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் நிற்கிறது, அதைத் தாண்டித்தான் நீங்களும் கூட்டத்துக்குப் போவீர்கள்.

சரி, பட்டியல். வெள்ளைக்கார அதிகாரிகளான நெல்சன் 1868-லும் பிரான்சிஸ் 1906-லும் இந்த மாவட்டத்தைப் பற்றி எழுதிய இரண்டு நூல்கள். இங்கிலீஷ்தான், ஒருவர் வாசித்து இன்னொருவர் தமிழில் சொல்லட்டும். உட்கார்ந்து வேண்டாம், அந்த வீதிகளில் நடந்துகொண்டே.

அப்புறம் மூன்றாவது. ஒவ்வொருவரும் வீட்டுத் தாய்ப் பத்திரத்தை, அதான் பழைய மூலப் பத்திரத்தை, தேடி எடுத்து வாருங்கள். விலையை விடுங்கள், செக்குபந்தியை, அதாவது நான்கு பக்க எல்லை விவரத்தை, சத்தமாக வாசியுங்கள். இன்னார் மனைக்குக் கிழக்கு, கிழமேல் சந்துக்கு வடக்கு என்று அக்கம்பக்கம் முழுவதும் அதில் இருக்கும். யார் யார் சுவரை ஒட்டி யார் இருந்தார்கள், யாருக்கு அங்கே இடமே இல்லை என்பதும் தெரியும். எந்த வரலாற்றுப் புத்தகமும் உங்கள் சந்துக்குள் இவ்வளவு தூரம் வராது. வாடகை வீட்டில் இருப்பவர் வீட்டுக்காரரிடம் கேட்கட்டும். தரமாட்டார், ஏன் தரமாட்டார் என்பதே அரைமணி நேரம் பேசுவதற்கு ஆகும்.

இவ்வளவு அதட்டுகிற நான் என்ன செய்தேன் தெரியுமா? அப்பா போன பிறகு தெற்கு வெளிவீதிப் பக்கம் இருந்த வீட்டை விற்றோம். பத்திரங்கள் இருந்த தகரப்பெட்டியை அப்படியே வாங்கியவர் கையில் கொடுத்தேன். மூலப் பத்திரம் வீட்டோடு போவதுதான் வழக்கம், அது சரி. ஒரு ஜெராக்ஸ் எடுக்கத் தோன்றவில்லையே! பதிவு அலுவலகத்தில் நகல் கேட்கலாம்தான், ஆண்டும் எண்ணும் தெரிந்தால். அதுவும் பெட்டிக்குள் போய்விட்டது.

ஒரு வரி மட்டும் ஞாபகம் இருக்கிறது, அப்பா ராகம் போட்டு வாசிப்பார்: ‘மேற்படி அம்மாள் தூர்ந்த கிணற்றுக்குத் தெற்கு’. மேற்படி என்றால் முந்தின பக்கத்தில் பெயர் இருந்திருக்கும். நான் திருப்பிப் பார்த்ததில்லை. போன வருடம் போய் வடக்குப் பக்கம் தேடினேன், செல்போன் கவர் விற்கும் கடை இருக்கிறது. உங்கள் குழுவில் யாராவது அந்தப் பக்கத்துக்காரர் இருந்தால், அந்தக் கடைக்காரரிடம் அவருடைய பத்திரத்தைக் கொஞ்சம் கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.