துபாஷி, தர்ஜமா, மொழிபெயர்ப்பு: இந்தச் சொற்கள் எங்கிருந்து வந்தன?

கேள்வியோடு, ‘மொழிபெயர்ப்பு என்றால் மொழிக்கு வேறு பெயர் வைப்பதா?’ என்றும் கேட்டிருக்கிறீர்கள். இல்லை. அதில் வரும் ‘பெயர்’ ஆளுக்கு வைக்கும் பெயர் அல்ல, இடம்விட்டு நகர்வதைச் சொல்லும் வினை. எங்கள் திருநெல்வேலி வீடுகளில் அந்த வினை இன்றும் உயிரோடு இருக்கிறது. வாசற்படியில் காலை இடித்துக்கொண்டு வந்தால் ஆச்சி, “ஏல, நகம் பேந்துட்டா?” என்று பதறுவாள். சுவரில் காரையும் அப்படித்தான், தானாகப் பேந்து விழும். பதித்த அம்மியை ஆள் நின்று பேத்து எடுக்க வேண்டும். முதலது பெயர்தல், அடுத்தது பெயர்த்தல்.

பழைய நூல்களில் இரண்டுமே மொழியோடு சேர்ந்து வருகின்றன. குறுந்தொகை 11-ஆம் பாட்டில் மாமூலனாரின் தலைவி, காதலன் கட்டி என்ற குறுநில மன்னனின் நாட்டுக்கும் அப்பால் ‘மொழிபெயர் தேஎத்தில்’, அதாவது வேறு மொழி பேசும் நாட்டில், இருந்தாலும் அங்கே போய்விடத் துணிகிறாள். அங்கே மொழி தானாகவே பெயர்ந்துவிடுகிறது. செங்கோட்டை தாண்டி கேரளத்து ஆரியங்காவில் பஸ் நிற்கும்போதெல்லாம் எனக்கு அவள் நினைவுதான். தொல்காப்பிய மரபியலோ, முதல்நூலைப் பின்பற்றி எழும் வழிநூலின் நான்கு வகைகளில் ஒன்றாக ‘மொழிபெயர்த்து அதர்ப்பட யாத்தலை’, அதாவது மொழிபெயர்த்து முறைப்பட நூலாக்குவதை, வைக்கிறது. இங்கே பெயர்ப்பவர் ஒருவர் வந்துவிடுகிறார்.

டிரான்ஸ்லேஷன் என்பதன் லத்தீன் மூலத்துக்கு ‘அக்கரைக்குச் சுமந்து போவது’ என்று பொருள். எனக்கு நம் சொல்லே பிடிக்கும். பேத்து எடுத்தால் கொஞ்சம் மண் ஒட்டிக்கொண்டு வரும், கொஞ்சம் உதிரும். மொழிபெயர்த்துப் பார்த்தவர்களுக்கு இது தெரியும்.

துபாஷி, இரண்டு மொழி அறிந்தவர் என்ற வடமொழிச் சொல்லின் வழி வந்தது. புதுச்சேரியில் பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேக்சின் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் எழுதிய நாட்குறிப்பால் அந்தச் சொல்லும் நிலைத்தது. துபாஷிகள் பேச்சை மாற்றிச் சொன்னதோடு வியாபாரமும் பேசி முடித்தார்கள்.

மேலப்பாளையத்து நண்பன் வீட்டில் ‘குர்ஆன் தர்ஜமா’ என்பார்கள். மொழிபெயர்ப்பைக் குறிக்கும் இது அரபியிலிருந்து வந்த சொல். அதன் உறவான ‘தர்குமன்னு’ பழைய மெசப்பொத்தேமியாவின் அக்காடிய மொழியிலேயே உண்டு. துபாஷி ஏட்டோடு நின்றுவிட்டது, தர்ஜமா இன்னும் வாயில் புழங்குகிறது.

பக்கத்தில் நின்று வாய்மொழியாகச் சொல்வதை இன்று சிலர் உரைபெயர்ப்பு என்கிறார்கள். பொருத்தமான ஆக்கம். ஆனால் பாளையங்கோட்டையில் ஒரு சபைக் கூட்டத்தில் இருபது வயதில் நான் பிரசங்கியாரின் இங்கிலீஷைத் தமிழில் சொல்லி முடித்து இறங்கியபோது ஒரு பெரியவர் கையைப் பிடித்துக்கொண்டு வேறு சொல்லைச் சொன்னார்: “தம்பி, நல்லா எடுத்துச் சொன்னிய.”