ஸ்டார் ட்ரெக் நாவல்கள் கணக்கிலேயே வராது என்றால் அவற்றை எதற்காகப் படிக்க வேண்டும்?

கேள்வி: விண்வெளிப் பயணங்களைச் சொல்லும் ஸ்டார் ட்ரெக் தொலைக்காட்சித் தொடர்களில் பெரும்பாலானவற்றைப் பார்த்து முடித்துவிட்டேன். அவற்றை ஒட்டி நூற்றுக்கணக்கான நாவல்கள் வந்திருப்பதாக அறிகிறேன். ஆனால் அவற்றில் நடப்பது எதுவும் தொடரின் அதிகாரபூர்வமான கதையில் சேராதாமே? பிறகு ஏன் படிக்க வேண்டும்? படிப்பதென்றால் எதில் தொடங்கலாம்?

பதில்: சேராது என்பது சரிதான். திரையில் வந்தது மட்டுமே கதை, அச்சில் வந்த எதற்கும் திரை கட்டுப்படாது என்பது இத்தொடரின் உரிமையாளர்கள் நெடுங்காலமாகக் கடைப்பிடிக்கும் நிலைப்பாடு. ரசிகர்கள் ‘கேனன்’ என்று சொல்வது இதைத்தான். நாவலில் ஒருவர் மணம் முடித்துக் குழந்தையும் பெற்றிருக்கலாம். பின்னால் வரும் ஒரு தொடர் அவரைத் தனியாளாகக் காட்டிவிட்டால் அந்த மணமும் இல்லை, அந்தக் குழந்தையும் இல்லை. எழுதியவர்கள் இதை அறிந்தேதான் எழுதினார்கள். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இவற்றைப் படித்துவரும் நானும் அறிந்தேதான் படிக்கிறேன். பிடித்த தொடரில் இன்னும் கொஞ்சம் கதை கிடைக்கும் என்ற எண்ணத்தோடு இந்த நாவல்களிடம் போனால் பெரும்பாலும் ஏமாற்றமே மிஞ்சும். கேமராவால் போக முடியாத இடத்துக்கு அதே உலகத்தை ஓர் எழுத்தாளர் எடுத்துச் சென்றிருக்கிறாரா என்று பார்த்துத் தேர்ந்தெடுத்தால், அறிவியல் புனைவில் குறிப்பிடத்தக்க சில புத்தகங்களே கையில் கிடைக்கும்.

எனக்கு இந்தப் பழக்கம் தொற்றிய விதத்தைச் சொன்னால் முதலில் வந்த புத்தகங்களைப் பற்றியும் சொன்னதாகிவிடும். எண்பதுகளில் தூர்தர்ஷனில் முதன்முதலில் வந்த தொடரான மூலத்தொடரின் சில பகுதிகளைப் பார்த்திருந்தேன். தவறவிட்ட பகுதி தவறியதுதான், திரும்பப் பார்க்க வழி கிடையாது. சில ஆண்டுகள் கழித்துப் பழைய புத்தகக் கடை ஒன்றில், அட்டை பாதி கிழிந்த நிலையில், ஜேம்ஸ் பிளிஷ் எழுதிய தொகுதி ஒன்று கிடைத்தது. அமெரிக்காவில் தொடர் ஒளிபரப்பாகிக்கொண்டிருந்தபோதே, 1967-இல், பேண்டம் நிறுவனம் தொடங்கிய வரிசை அது. ஒவ்வொரு பகுதியையும் ஒரு சிறுகதையாகச் சுருக்கித் தந்தது. வீட்டில் வீடியோ இல்லாத காலத்தில் பார்த்ததை மீண்டும் நினைத்துக்கொள்ள அங்கிருந்த ரசிகர்களுக்கும் அதுதான் வழி. பிளிஷ் கையில் இருந்தவை திரைக்கதைகளே, அவற்றிலும் சில இறுதி வடிவம் பெறாதவை என்பதால், நான் திரையில் பார்த்ததும் அவர் எழுதியதும் ஆங்காங்கே முரண்பட்டன. எது சரி என்று அப்போது மிகவும் குழம்பினேன். பின்னால் யோசித்தபோது, இரண்டு வடிவங்களையும் ஒருசேர மனத்தில் வைத்துக்கொள்ளும் பழக்கம் அந்தக் குழப்பத்திலிருந்தே வந்தது என்று தோன்றியது. வில்லிபுத்தூரார் பாரதமும் தெருக்கூத்துப் பாரதமும் ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டும் என்று நாம் யாரும் அடம்பிடிப்பதில்லையே.

பிளிஷ் 1970-இல் பெரியவர்களுக்காக ஒரு சொந்த நாவலும் எழுதினார் என்றாலும், நாவல் வரிசை முறையாக ஓடத் தொடங்கியது பாக்கெட் புக்ஸ் நிறுவனம் உரிமையைப் பெற்ற பிறகுதான். 1979-இல் முதல் திரைப்படத்தின் நாவல் வடிவத்தோடு அது தொடங்கியது. 1981-இல் வொண்டா மெக்கின்டயர் எழுதிய ‘தி என்ட்ரோப்பி எஃபெக்ட்’ இன்று பெரும்பாலும் ஒரே காரணத்துக்காக நினைவுகூரப்படுகிறது: அதுவரை முதற்பெயரே இல்லாதிருந்த, மூலத்தொடரின் கப்பலோட்டியான சுலுவுக்கு அவர் ஹிக்காரு என்று பெயர் வைத்தார். பத்து ஆண்டுகள் கழித்து, 1991-இல் வெளிவந்த ஆறாவது திரைப்படத்தில், சுலு தன் கப்பலின் குறிப்பேட்டில் அந்தப் பெயரைத் தானே சொல்கிறார். கணக்கில் வராது என்று ஒதுக்கப்பட்டவற்றிலிருந்து இப்படிச் சில சமயங்களில் திரையே கடன் வாங்கியிருக்கிறது. அதே கப்பலின் தகவல்தொடர்பு அதிகாரி உஹூராவின் நியோட்டா என்ற பெயரும் 1982-இல் வந்த ஒரு புத்தகத்தில் இடம்பெற்று 2009-ஆம் ஆண்டுத் திரைப்படத்தில்தான் வாய்விட்டு உச்சரிக்கப்பட்டது.

ஆனால் எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் வந்த எண்ணிடப்பட்ட நாவல்களில் பலவற்றை உங்களுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். அவற்றை எழுதியவர்களுக்கு இருந்த நிபந்தனை அப்படி: எடுத்த பொருள்களை எடுத்த இடத்திலேயே வைத்துவிட வேண்டும். தொடரோ திரைப்படமோ நடந்துகொண்டிருக்கும்போது நாவலில் முக்கியமான எவரும் சாகக் கூடாது, பணி உயர்வு பெறக் கூடாது, மனம் மாறவும் கூடாது. ஆகவே கப்பல் ஒரு விசித்திரக் கோளுக்குப் போகும், தலைவர் சிறைப்படுவார், அவருடைய துணை அதிகாரி ஸ்பாக் ஏதோ கணக்கிட்டுச் சொல்வார், கடைசிப் பக்கத்தில் எல்லாரும் முதல் பக்கத்தில் நின்ற இடத்திலேயே நிற்பார்கள். 1987-இல் ‘நெக்ஸ்ட் ஜெனரேஷன்’ என்ற அடுத்த தொடர் தொடங்கிய பின், ஸ்டார் ட்ரெக்கைப் படைத்த ரோடன்பெரியின் அலுவலகம் பிடியை மேலும் இறுக்கியது. எழுத்தாளர்கள் தாங்களே படைத்த பாத்திரங்களை அடுத்தடுத்த நாவல்களில் கொண்டுவருவதுகூடச் சில ஆண்டுகள் கடினமாகிவிட்டது. அந்தக் காலத்து நாவல்கள் என் அலமாரியில் ஒரு வரிசை முழுவதும் இருக்கின்றன, அவற்றில் பாதியின் கதை எனக்கு நினைவில்லை.

அதே நிபந்தனைக்குள் இருந்துகொண்டே ஒருவர் என்ன செய்ய முடியும் என்பதற்கு ஜான் எம். ஃபோர்டு 1984-இல் எழுதிய ‘தி ஃபைனல் ரிஃப்ளெக்‌ஷன்’ என்ற நாவலைக் காட்டுவேன். தொடரின் நாயகர்களைத் தொடக்கூடாது என்றால் அவர்களை ஓரமாக உட்கார வைத்துவிடலாம் என்று அவர் முடிவு செய்திருக்கிறார்: மூலத்தொடரின் கப்பல்தலைவர் கிர்க் விடுமுறையிலிருந்து திரும்பி ஒரு நாவலைப் படிக்கத் தொடங்குகிறார், அந்த நாவல்தான் நாம் படிப்பது. அதன் நாயகன் கிளிங்கான் என்ற வேற்றுக்கோள் இனத்தவன். மூலத்தொடரில் கிளிங்கான்கள் என்றால் புருவத்தை நெரித்துக் கொக்கரிக்கும் எதிரிகள், அவ்வளவுதான். ஃபோர்டு அவர்களில் குலம் கோத்திரம் இல்லாத ஓர் அநாதைச் சிறுவனை எடுத்துக்கொள்கிறார். உயிருள்ள ஆட்களையே காய்களாக நிறுத்தி ஆடும் ஓர் ஆட்டத்தில் அவன் ஒரு காய். அவன் ஆடும் திறத்தைக் கண்ட ஒரு தளபதி அவனைத் தன் குடும்பத்தில் சேர்த்துக்கொள்கிறார். அவன் வளர்ந்து கப்பல்தலைவனாகி, தூதர் ஒருவரை அழைத்துவரப் பூமிக்குப் போகிறான். அங்கே ஒரு சிறுவனோடு சதுரங்கம் ஆடுகிறான். அந்தச் சிறுவன் ஸ்பாக்தான் என்பதை நம்மால் ஊகிக்க முடிகிறது.

அந்த நாவலில் என்னை இன்றளவும் விடாத செய்தி ஒன்று உண்டு. கிளிங்கான்களின் அந்த ஆட்டத்துக்குப் பல வகைகள். அவற்றில் ஒன்றில் இரண்டு ஆட்டக்காரர்களுக்கும் சேர்த்து ஒரே ஒரு தொகுதிக் காய்கள்தான். என் காயென்றும் உன் காயென்றும் இல்லை. நான் இப்போது நகர்த்தியதையே அடுத்த முறை நீ எனக்கு எதிராக நகர்த்தலாம். நாவலின் தலைப்பு அந்த ஆட்டத்திலிருந்து வருகிறது, அதன் அரசியலும் அப்படியே நடக்கிறது. ஒரு சமூகம் வளர வேண்டும், இல்லாவிட்டால் அழிய வேண்டும், இடைநிலை கிடையாது என்று நம்பும் மக்களுக்குள் சமாதானம் விரும்பும் ஒருவன் எவ்வளவு நுட்பமாகக் காய் நகர்த்த வேண்டியிருக்கும் என்பதை, ஓர் இடத்திலும் நின்று விளக்காமல், உரையாடல்களின் இடைவெளிகளிலேயே உணர்த்திவிடுகிறார் ஃபோர்டு. சிக்கனம் சற்று அதிகம்தான். முதல் வாசிப்பில் எனக்குப் பாதிதான் புரிந்தது, ஒரு சதி நடந்து முடிந்துவிட்டது என்பதே நாற்பது பக்கம் தள்ளித்தான் உறைத்தது. பிற்காலத் தொலைக்காட்சித் தொடர்கள் கிளிங்கான்களை மானமே பெரிதென்று முழங்கும் வீரர்களாக வேறொரு திசையில் வளர்த்தபோது, ஃபோர்டு கட்டியது முழுவதும் கேனனுக்கு வெளியே தள்ளப்பட்டது. தனிப்பட்ட முறையில் எனக்கு அவருடைய கிளிங்கான்கள்தான் கிளிங்கான்கள். இதே காலத்தில் டயான் டுவேன், தொடரின் இன்னொரு எதிரி இனமான ரோமுலன்களுக்கு ஒரு மொழியையும் வரலாற்றையும் கட்டியெழுப்பினார். 1984-இல் வந்த ‘மை எனிமி, மை அல்லை’ அவ்வரிசையில் முதலாவது. அதுவும் நல்ல நாவல், ஃபோர்டின் நாவலை விட எளிதாகப் படிக்கவும் முடியும்.

இரண்டாவதாக நான் நிறுத்திப் பேச விரும்புவது, ஒரு நடிகர் எழுதிய நாவல். நடிகர் எழுதியது என்றதும் அட்டையில் பெயர் மட்டும் அவருடையது என்று நினைக்கத் தோன்றும். எனக்கும் தோன்றியது, அதனால் சில ஆண்டுகள் தள்ளிப்போட்டேன். ‘டீப் ஸ்பேஸ் நைன்’ தொடரில் காரக் என்ற தையற்காரராக நடித்தவர் ஆண்ட்ரூ ராபின்சன். அந்தத் தையற்காரர் ஒருகாலத்தில் உளவாளி, தன் நாட்டால் துரத்தப்பட்டவர், தன்னைப் பற்றி அவர் சொல்வதில் எது உண்மை என்று யாருக்கும் தெரியாது. பாத்திரத்தைப் புரிந்துகொள்வதற்காக அதன் குரலிலேயே நாட்குறிப்பு எழுதத் தொடங்கிய ராபின்சன், அதை ரசிகர் கூட்டங்களில் வாசித்துக்காட்டி, பின்னர் அதையே ‘எ ஸ்டிச் இன் டைம்’ என்ற நாவலாக விரித்தார். தொடர் 1999-இல் முடிந்தது. நாவல் 2000-இல் வந்தது.

போருக்குப் பின் இடிபாடாகிக் கிடக்கும் தன் ஊருக்குத் திரும்பிய காரக், நண்பர் டாக்டர் பஷீருக்கு எழுதும் நெடுங்கடிதம் அது. மூன்று காலங்கள் மாறிமாறி வருகின்றன: மாணவப் பருவம், விண்நிலையத்தில் கழிந்த போர்க்காலம், கடிதம் எழுதும் நிகழ்காலம். அவரை வளர்த்தவர் ஒரு தோட்டக்காரர். பெற்றவர் ஒற்றர்படையை நடத்தியவர். மண்ணைக் கிளறும் கைக்கும் ஆளைக் காட்டிக்கொடுக்கும் நாவுக்கும் இடையே அந்தப் பிள்ளை வளர்ந்த கதைதான் நாவலின் நடுப்பகுதி. நிகழ்காலப் பகுதியில், இடிந்துபோன தந்தை வீட்டின் கருவிக் கொட்டகையில் தங்கியிருக்கும் காரக், இடிபாட்டுக் கற்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கத் தொடங்குகிறார். எதற்கென்று அவருக்கே தெரியாது. நாளடைவில் ஊரார் வந்து நின்று, இறந்தவர்களை நினைத்து அழுதுவிட்டுப் போகிறார்கள். வாரம் ஒரு சாகசம் காட்ட வேண்டிய தொலைக்காட்சித் தொடரில், ஒரு மனிதன் கல் அடுக்குவதைக் காட்டிக்கொண்டிருக்க யாரும் அனுமதித்திருக்க மாட்டார்கள்.

தொடர்கள் முடிந்ததே நாவல்களுக்கு விடுதலையாகவும் அமைந்தது. 2001-இல் ‘டீப் ஸ்பேஸ் நைன்’ கதை எஸ். டி. பெர்ரியின் ‘அவதார்’ என்ற இரு நூல்களோடு அச்சில் தொடரத் தொடங்கிற்று; அடுத்த சில ஆண்டுகளில் மற்றத் தொடர்களின் நாவல்களும் அதனோடு இணைந்து, ஒன்றில் நடப்பது மற்றொன்றைப் பாதிக்கும் ஒரே பெருங்கதையாகின. இப்போது பாத்திரங்கள் சாகலாம், முதுமையடையலாம். ‘நெக்ஸ்ட் ஜெனரேஷன்’ கப்பலின் தலைவர் பிக்கார்டும் மருத்துவர் பெவர்லியும் மணந்துகொண்டு ரெனே என்ற மகனைப் பெற்றார்கள். டேவிட் மாக் 2008-இல் எழுதிய ‘டெஸ்டினி’ என்ற மூன்று நூல்கள் இந்தப் பெருங்கதையின் உச்சம். கூட்டுமனத்தினரான போர்க் இனத்தோடு இறுதிக் கணக்குத் தீர்க்கப்படுவதும், அந்த இனம் எப்படித் தோன்றியது என்பதும் அதில் வருகின்றன. கணக்கு எப்படித் தீர்கிறது என்று சொல்லமாட்டேன். துப்பாக்கியால் அல்ல என்று மட்டும் சொல்கிறேன்.

2020-இல் ‘பிக்கார்டு’ தொடர் வந்தது. அதில் அவர் திராட்சைத் தோட்டத்தில் குடும்பமின்றி வாழும் முதியவர்; மனைவியும் இல்லை, ரெனேயும் இல்லை. ஏறத்தாழ இருபது ஆண்டுகளாகக் கட்டியது ஒரே நாளில் ஒரு கிளைப்பாதையாகிவிட்டது. 2021-இல் ‘கோடா’ என்ற மூன்று நூல்களில், அந்தக் காலக்கோட்டையே கதைக்குள் அழித்து நாவலாசிரியர்கள் முடிவுரை எழுதினார்கள். வேடிக்கை என்னவென்றால், 2023-இல் வந்த அதே தொடரின் மூன்றாம் பருவம் பிக்கார்டுக்கும் பெவர்லிக்கும் ஒரு மகன் உண்டு என்று சொன்னது, பெயர்தான் ஜாக். ‘வாயேஜர்’ என்ற தொடரை ஒட்டிய நாவல்களை எழுதிவந்த கர்ஸ்டன் பேயர் அந்தத் தொடரை உருவாக்கியவர்களுள் ஒருவர் என்பதையும், நாவல் அட்டைகளுக்காக வடிவமைக்கப்பட்ட டைட்டன் கப்பல் 2020-இல் ‘லோயர் டெக்ஸ்’ தொடரில் அப்படியே பறந்தது என்பதையும் இத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

எதில் தொடங்குவது? ‘டீப் ஸ்பேஸ் நைன்’ முழுவதும் பார்த்திருந்தால் காரக்கின் கடிதத்தில் தொடங்குங்கள். பார்க்கவில்லையென்றால் அதைத் தொடவே வேண்டாம், அதன் வலி தொடரில் ஏழு பருவங்களாகச் சேர்ந்த வலி. ஃபோர்டின் நாவலைத் தொடர் எதையும் பார்க்காதவரும் படிக்கலாம், ஆனால் இரண்டு முறை படிக்க வேண்டியிருக்கும். ‘டெஸ்டினி’யை வரிசைப்படி, இடையில் வேறு எதையும் கலக்காமல் படியுங்கள். ‘கோடா’வைக் கடைசிக்கு ஒதுக்கிவையுங்கள். நான் அதை வாங்கி மாதக்கணக்கில் திறக்காமல் வைத்திருந்து, பின்னர் ஒரே வாரத்தில் படித்து, சாவுகள் மிகையென்று எரிச்சலடைந்தேன். முன்னுள்ள நூல்களில் பாதியையாவது படிக்காதவருக்கு அதில் சாகிறவர்கள் வெறும் பெயர்கள்தான், அந்த எரிச்சல்கூட வராது.