குருத்து அழுகினால் பனிமேல் பழி போடாதீர்கள்

கேள்வி: புதுச்சேரி பக்கம் வில்லியனூரில் வீட்டுக் கொல்லையில் நாலு தென்னை வைத்திருக்கிறேன். ஐந்து வயது மரம் ஒன்றில் கார்த்திகை மழை விட்டதும் நடுக்குருத்து வெளுத்தது. இப்போது பழுப்பாகிச் சாய்ந்துவிட்டது. கடையில் பனி தாக்கியிருக்கிறது என்று டானிக் கொடுத்தார்கள். ராத்திரியில் கொண்டையைச் சாக்கால் மூடி வைக்கிறேன். மரம் பிழைக்குமா?

பதில்: அம்மா, முதலில் அந்தச் சாக்கை எடுத்துவிடுங்கள். நம் கடலோரத்தில் தை மாத இரவிலும் வெப்பம் பெரும்பாலும் 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். அந்தக் குளிரில் தென்னை சாகாது. நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் இது குருத்தழுகல். பைட்டோப்தோரா என்ற பூசணத்தின் வேலை. ஈரமும் இதமான குளிர்ச்சியும் சேர்ந்தால் அது பெருகும். பனியில் நனைந்த சாக்கு அந்த ஈரத்தைக் கொண்டையிலேயே தேக்கி வைக்கிறது.

குருத்தை லேசாக இழுத்துப் பாருங்கள். அடி கூழாகி, கெட்ட நாற்றத்தோடு கையோடு வந்தால் சந்தேகமே வேண்டாம். குருத்தில் ஓட்டையும் மென்று துப்பிய நாரும் தெரிந்தால் அது காண்டாமிருக வண்டு. அதற்கு வைத்தியம் வேறு. அழுகலை நல்ல வெள்ளைச் சதை தெரியும்வரை வெட்டி எடுத்து எரித்துவிட்டு, வெட்டிய இடத்தில் மயில்துத்தமும் (காப்பர் சல்பேட்) சுண்ணாம்பும் கலந்த போர்டோ பசை தடவுங்கள்.

டானிக் புட்டியால் பூசணம் சாகாது. மரத்தைப் பார்க்காமலேயே மருந்து கொடுக்கிற கடைக்காரரை நான் நம்பமாட்டேன். பசையை வீட்டிலேயே கலக்கலாம். மயில்துத்தம் 100 கிராமை அரை லிட்டர் நீரிலும், சுட்ட சுண்ணாம்பு 100 கிராமை இன்னொரு அரை லிட்டரிலும் கரையுங்கள். பிளாஸ்டிக் வாளி அல்லது மண்பானைதான். இரும்பு, தகரம் கூடாது. துத்தக் கரைசலைச் சுண்ணாம்பில் ஊற்றிக் கலக்கினால் வான நீலத்தில் குழம்பாக வரும். பளபளப்பான இரும்புக் கத்தியை அதில் நனைத்து எடுங்கள். செம்பு நிறம் படிந்தால் துத்தம் மிஞ்சியிருக்கிறது, குருத்தைச் சுட்டுவிடும். இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு சேருங்கள். கலந்த அன்றே தடவிவிட வேண்டும். ஒரு வாரம் வைத்திருந்த கரைசலைத் தடவிவிட்டு மருந்து கேட்கவில்லை என்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

வளரும் மொட்டே அழுகியிருந்தால் பிழைக்காது. மரத்தை வெட்டி எரித்துவிடுங்கள். மற்ற மூன்றைப் பற்றி நீங்கள் கேட்கவே இல்லை, எனக்கு அதுதான் கவலை. அதே 100 கிராம் கணக்கை மொத்தம் 10 லிட்டர் நீருக்குக் கலந்து, அவற்றின் கொண்டைகளில் இந்த வாரமே தெளியுங்கள். அடுத்த ஐப்பசி மழைக்கு முன்னால் இன்னொரு முறை தெளியுங்கள். மழைநீர் அடிமரத்தில் தேங்காமல் வாய்க்கால் வெட்டிவிடுங்கள்.