பாதுகாப்பு ஒப்பந்தத்தில் ஒரு நாடு பெறுவதும் கொடுப்பதும்: வாசகர் கேள்வி-பதில்

சவூதி அரேபியாவும் பாகிஸ்தானும் 2025 செப்டம்பர் 17 அன்று ரியாத்தில் பரஸ்பரப் பாதுகாப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டதிலிருந்து, இத்தகைய ஒப்பந்தங்களால் ஒரு நாட்டுக்கு வருவது என்ன, போவது என்ன என்று கேட்டு வாசகர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். ஒரே பொருளில் அமைந்த கேள்விகளைச் சேர்த்து இங்கே விடையளிக்கிறேன்.

கேள்வி: இரு நாடுகளில் ஒன்றன் மீதான தாக்குதல் இரண்டின் மீதுமான தாக்குதலாகக் கருதப்படும் என்று சவூதி-பாகிஸ்தான் கூட்டறிக்கை சொல்கிறது. நாளை இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் போர் மூண்டால் சவூதிப் படைகள் களமிறங்கியே ஆக வேண்டுமா?

பதில்: அந்த ஒரு வாக்கியத்தால் மட்டும் அப்படிக் கட்டாயம் ஏற்படுவதில்லை. தாக்குதல் எப்படிக் 'கருதப்படும்' என்பது ஒன்று, கருதிய பிறகு என்ன செய்யப்படும் என்பது வேறு. எந்தப் பாதுகாப்பு ஒப்பந்தத்தைப் படித்தாலும் இந்த இரண்டாவது பகுதியைத்தான் நிதானமாகப் படிக்க வேண்டும். அமெரிக்காவும் கனடாவும் ஐரோப்பிய நாடுகளும் சேர்ந்த ராணுவக் கூட்டணியான நேட்டோவின் ஒப்பந்தத்தில் உள்ள புகழ்பெற்ற ஐந்தாவது ஷரத்தைப் பாருங்கள். ஐரோப்பாவிலோ வட அமெரிக்காவிலோ ஓர் உறுப்பு நாடு தாக்கப்பட்டால் அது அனைவர் மீதும் நடந்த தாக்குதல் என்று அது தொடங்குகிறது. அடுத்த வரியிலேயே, ஒவ்வொரு நாடும் படைபலம் உட்பட 'தான் தேவையெனக் கருதும் நடவடிக்கையை' எடுத்து உதவும் என்று தளர்த்திவிடுகிறது. போர் தொடுக்கும் முடிவைத் தன் நாடாளுமன்றத்தின் கையை விட்டுப் போகவிட அமெரிக்கா, ஒப்பந்தம் உருவான 1949-இல், விரும்பாததால்தான் அந்தச் சொற்கள் அங்கே வந்தன. இன்றுவரை அந்த ஷரத்து ஒரே ஒருமுறைதான், 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்கு மறுநாள், பயன்படுத்தப்பட்டிருக்கிறது. ஐரோப்பாவைக் காக்க அமெரிக்கா வரும் என்பதற்காக எழுதப்பட்ட அந்த வரியின் பேரில், அமெரிக்க வானத்தைக் காவல் காக்க நேட்டோவின் ரேடார் விமானங்கள் சென்றன.

பாகிஸ்தானின் சொந்த அனுபவமே இதற்கு நல்ல பாடம். 1954-இல் மணிலாவில் உருவான தென்கிழக்காசிய ஒப்பந்த அமைப்பில் பாகிஸ்தான் சேர்ந்தபோது அதன் மனத்தில் இருந்தது இந்தியா. ஆனால் ஒப்பந்தத்தில் அமெரிக்கா ஒரு குறிப்பைச் சேர்த்திருந்தது: தன் கடமை கம்யூனிஸ்ட் ஆக்கிரமிப்புக்கு மட்டுமே பொருந்தும். 1965-இல் இந்தியாவுடன் நடந்த போரில் உதவி வரவில்லை. மாறாக, இரு நாடுகளுக்குமே அமெரிக்கா ஆயுதங்களை நிறுத்தியது. அமெரிக்க டாங்கிகளையும் விமானங்களையும் நம்பியிருந்த பாகிஸ்தானுக்கே அந்தத் தடை அதிகம் வலித்தது. அதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன், 1960 மே முதல் நாளன்று, பெஷாவரிலிருந்து கிளம்பிய அமெரிக்க உளவு விமானம் சோவியத் எல்லைக்குள் சுட்டு வீழ்த்தப்பட்டது. பெஷாவரை இலக்காகக் குறித்து வைத்திருப்பதாக சோவியத் தலைவர் குருஷ்சேவ் வெளிப்படையாகவே எச்சரித்தார். இந்தியாவிடமிருந்து காப்புத் தேடிப் போன நாடு, தனக்கு எந்தப் பகையும் இல்லாத ஒரு வல்லரசின் குறிப்பலகையில் இடம்பிடித்துக்கொண்டது.

இதனால் புதிய ஒப்பந்தம் வெற்றுக் காகிதம் என்று நான் சொல்வதாக எண்ண வேண்டாம். சவூதியில் இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் வேலை செய்கிறார்கள். நமக்கு எண்ணெய் தரும் முக்கிய நாடுகளில் அதுவும் ஒன்று. ராணுவ நடவடிக்கை பற்றி டெல்லியில் யோசிப்பவர்கள் இனி இவற்றையும் ஒருமுறை எண்ணிப் பார்ப்பார்கள். பாகிஸ்தானுக்கு உண்மையான வரவு எதிரி கூடுதலாகச் செய்ய வேண்டியிருக்கும் அந்த யோசனைதான். சவூதிப் படைகள் வருமா என்பது அதற்குப் பிறகு வரும் கேள்வி.

கேள்வி: செலவு என்றால் பணம்தானே? அதைக் கணக்கிட்டு, சொந்தமாகப் படை வைத்துக்கொள்ளும் செலவோடு ஒப்பிட்டால் விடை கிடைத்துவிடாதா?

பதில்: ஜப்பானின் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 1951-இல் கையெழுத்தாகி 1960-இல் திருத்தப்பட்ட ஒப்பந்தப்படி, ஜப்பானின் ஆட்சிக்கு உட்பட்ட நிலப்பரப்பு தாக்கப்பட்டால் அமெரிக்கா துணை நிற்கும். ஜப்பான் அதற்கு ஈடாக அமெரிக்கப் படைகளுக்கு இடம் தரும். அந்தப் படைகளுக்காக 2022 நிதியாண்டிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்கு, ஆண்டுக்குச் சராசரியாக ஏறத்தாழ 21,100 கோடி யென் தர ஜப்பான் ஒப்புக்கொண்டது. பெரிய தொகைதான். ஆனாலும் பல பத்தாண்டுகளாக உள்நாட்டு மொத்த உற்பத்தியில் ஒரு சதவீத அளவை மட்டும் பாதுகாப்புக்கு ஒதுக்கிவிட்டு, மிச்சத்தைத் தொழிலிலும் கல்வியிலும் போட அந்நாட்டால் முடிந்தது. பணத்தை மட்டும் பார்த்தால் இது மிக மலிவான பேரம்.

ஆனால் ஒகினாவாவில் நின்று பார்த்தால் கணக்கு மாறிவிடும். ஜப்பானின் நிலப்பரப்பில் அந்தத் தீவு மாகாணம் 0.6 சதவீதம்தான். அமெரிக்கப் படைகளுக்கென்றே ஒதுக்கப்பட்ட தளங்களின் பரப்பில் ஏறத்தாழ 70 சதவீதம் அங்கே இருக்கிறது. ஃபுதென்மா விமானதளத்தின் வேலியை ஒட்டி ஓர் ஆரம்பப் பள்ளி உண்டு. 2017 டிசம்பர் 13 அன்று, அமெரிக்க ஹெலிகாப்டர் ஒன்றின் ஜன்னல் சட்டத்தோடு பெயர்ந்து அந்தப் பள்ளி மைதானத்தில் விழுந்தது. சுமார் ஏழரைக் கிலோ எடை கொண்டது அது. மைதானத்தில் அப்போது பிள்ளைகள் உடற்பயிற்சி வகுப்பில் இருந்தார்கள். மைதானத்தை மறுபடி திறந்த பிறகும், ஹெலிகாப்டர் நெருங்கும்போதெல்லாம் விளையாட்டை நிறுத்திவிட்டுக் கட்டடத்துக்குள் ஓட வேண்டும் என்பது அந்தப் பிள்ளைகளின் அன்றாடப் பழக்கமாயிற்று. 1995-இல் அமெரிக்கப் படையினர் மூவர் பன்னிரண்டு வயதுச் சிறுமியைக் கடத்திப் பாலியல் வன்கொடுமை செய்தபோது, குற்றப்பத்திரிகை தாக்கலாகும் வரை அவர்களைத் தங்கள் காவலில் எடுக்க ஜப்பானியப் போலீசாரால் முடியவில்லை. படைகளின் நிலை குறித்த துணை உடன்படிக்கை அப்படி எழுதப்பட்டிருந்தது. ஃபுதென்மாவுக்கு மாற்றாக ஹெனோகோ கடலோரத்தைத் தூர்த்துத் தளம் கட்டும் திட்டத்தை, 2019 பிப்ரவரி பொதுவாக்கெடுப்பில் வாக்களித்த ஒகினாவா மக்களில் 70 சதவீதத்துக்கு மேற்பட்டோர் எதிர்த்தார்கள். கட்டுமானம் நிற்கவில்லை.

என் கருத்தை மறைக்காமல் சொல்கிறேன். இந்த ஒப்பந்தத்தால் ஜப்பான் பெற்ற நன்மை பெரிது, அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் நன்மை தோக்கியோவுக்கும் ஒசாகாவுக்கும் போக, இரைச்சலும் அச்சமும் ஒரு தீவின் தலையில் இறங்குமானால், மொத்தக் கூட்டல் கழித்தலில் லாபம் வருகிறது என்பது அந்தப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லக்கூடிய விடை அன்று. யாருக்கு வரவு, யாருக்குச் செலவு என்று இரண்டு பத்தி போடாத கணக்கை நான் ஏற்பதில்லை.

கேள்வி: எந்த வல்லரசு அணியிலும் சேராத அணிசேராக் கொள்கை பேசிய இந்தியா 1971-இல் சோவியத் யூனியனுடன் ஒப்பந்தம் செய்தது முரண்பாடு இல்லையா? அதனால் நமக்கு லாபமா, நட்டமா?

பதில்: 1971 ஆகஸ்ட் 9 அன்று புது டெல்லியில் இரு நாட்டு வெளியுறவு அமைச்சர்களான ஸ்வரண் சிங்கும் அந்திரேய் குரோமிகோவும் கையெழுத்திட்ட அந்த ஒப்பந்தத்தை நேட்டோவைப் போன்ற கூட்டணியாகக் கொள்ள முடியாது. அதன் ஒன்பதாவது ஷரத்து இரண்டு விஷயங்களைச் சொல்கிறது: ஒருவரோடு போரில் இருக்கும் மூன்றாம் நாட்டுக்கு மற்றவர் உதவக் கூடாது. தாக்குதலோ தாக்குதல் அச்சமோ ஏற்பட்டால் இருவரும் உடனே கலந்தாலோசிக்க வேண்டும். படை அனுப்புவேன் என்ற சொல் அதில் இல்லை. இந்தியாவின் அணிசேராக் கொள்கையை மதிப்பதாக நான்காவது ஷரத்தில் சோவியத் தரப்பு எழுதிக் கொடுத்தது. மிகக் குறைந்த கடமையோடு மிகுந்த பயன் பெறும்படி வரைந்த ஒப்பந்தம் என்று இதை நான் மதிக்கிறேன்.

கையெழுத்தான சூழலையும் நினைவில் கொள்ள வேண்டும். அப்போது பாகிஸ்தானின் பகுதியாக இருந்த கிழக்கு வங்காளத்திலிருந்து (இன்றைய வங்கதேசம்) வந்த அகதிகளின் எண்ணிக்கை அவ்வாண்டின் இறுதிக்குள் ஒரு கோடியை எட்டியது. ஜூலையில் அமெரிக்க அதிபரின் பாதுகாப்பு ஆலோசகர் கிஸ்ஸிங்கர் பாகிஸ்தான் வழியாக ரகசியமாகப் பெய்ஜிங் போய்த் திரும்பியிருந்தார். அமெரிக்கா, சீனா, பாகிஸ்தான் மூன்றும் ஒரே பக்கம் சேரும் நிலையில், தனித்து நிற்பதன் செலவு திடீரென்று ஏறிவிட்டது. டிசம்பரில் இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் போர் மூண்டபோது, உடனடிப் போர்நிறுத்தம் கோரி ஐ.நா. பாதுகாப்பு அவைக்கு வந்த தீர்மானங்களை சோவியத் யூனியன் வீட்டோ செய்து தடுத்தது. அமெரிக்காவின் எண்டர்பிரைஸ் விமானந்தாங்கிக் கப்பல் வங்காள விரிகுடாவுக்குள் வந்தது, சோவியத் கப்பல்களும் பின்தொடர்ந்தன. சீனா எல்லையைத் தாண்டவில்லை. அது ஒப்பந்தத்தாலா, இமயத்தின் குளிர்காலப் பனியாலா என்று பிரித்துச் சொல்ல இயலாது. டிசம்பர் 16 அன்று டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்தது.

செலவு பின்னால் வந்தது. 1979 டிசம்பரில் சோவியத் படைகள் ஆப்கானிஸ்தானுக்குள் புகுந்தபோது, அதைக் கண்டித்த ஐ.நா. பொதுச்சபைத் தீர்மானத்தில் இந்தியா வாக்களிக்காமல் விலகியது. பிற சிறு நாடுகளின் இறையாண்மைக்காகக் குரல் கொடுத்துப் பெற்ற பெயர் அன்று குறைந்தது என்பதை வருத்தத்தோடு ஒப்புக்கொள்ள வேண்டும். டாங்கி, போர் விமானம், நீர்மூழ்கி என்று எல்லாவற்றுக்கும் ஒரே கடையை நம்பியிருந்ததன் விளைவு, 1991-க்குப் பிறகு உதிரிபாகத் தட்டுப்பாடாக வெளிப்பட்டது. 1991 ஆகஸ்டில் ஒப்பந்தத்தை இன்னும் இருபது ஆண்டுகளுக்கு நீட்டினோம். அவ்வாண்டு டிசம்பரில் மறுதரப்பில் கையெழுத்திட்ட நாடே உலக வரைபடத்தில் இல்லாமல் போயிற்று.

கேள்வி: நேட்டோவில் அமெரிக்காதான் எல்லோருக்கும் செலவு செய்கிறது என்கிறார்களே, உண்மையா?

பதில்: பாதி உண்மை. நேட்டோவுக்கென்று எல்லோரும் சேர்ந்து போடும் பொதுநிதி மிகச் சிறியது. சர்ச்சை அதைப் பற்றியது அன்று. ஒவ்வொரு நாடும் தன் சொந்தப் படைக்கு எவ்வளவு ஒதுக்குகிறது என்பதுதான் சர்ச்சை. 2014-இல் உற்பத்தியில் 2 சதவீதம் என்று இலக்கு வைத்தார்கள். 2025 ஜூனில் ஹேக் மாநாட்டில், தொடர்புடைய பிற செலவுகளையும் சேர்த்து, 2035-க்குள் 5 சதவீதம் என்று உயர்த்தினார்கள். பிறர் காப்பார் என்று அசட்டையாக இருந்த நாடுகள் உண்டு. அமெரிக்காவும் தன் ராணுவ விமானங்கள் இறங்க ஐரோப்பாவெங்கும் தளங்களைப் பெற்றிருக்கிறது என்பதையும் அதே தாளில் எழுத வேண்டும்.

கேள்வி: உக்ரைனுக்கு 1994-இல் உறுதி கொடுத்தார்களே, அது என்ன ஆயிற்று?

பதில்: அது பாதுகாப்பு ஒப்பந்தம் அன்று. புடாபெஸ்ட் குறிப்பாணையில், தன் மண்ணில் இருந்த அணு ஆயுதங்களை உக்ரைன் கைவிட்டதற்கு ஈடாக, அதன் எல்லைகளை மதிப்பதாக ரஷ்யா, அமெரிக்கா, பிரிட்டன் ஆகிய மூன்றும் எழுதிக் கொடுத்தன. மதிக்காவிட்டால் வந்து காப்போம் என்று எவரும் எழுதவில்லை.

கேள்வி: நான் திருகோணமலையைச் சேர்ந்தவன். இலங்கை சுதந்திரம் பெற்றபோது பிரிட்டனோடு செய்துகொண்ட பாதுகாப்பு ஒப்பந்தம் அவசியமாக இருந்ததா?

பதில்: உங்கள் ஊர்த் துறைமுகத்தை வைத்தே அந்தக் கணக்கைப் போடலாம். 1947 நவம்பர் 11 அன்று கையெழுத்தான அந்த ஒப்பந்தப்படி, இரு நாடுகளும் பரஸ்பர நலனுக்கு ஏற்ற ராணுவ உதவியை ஒன்றுக்கொன்று அளிக்கும். திருகோணமலைக் கடற்படைத் தளமும் கட்டுநாயக்க விமானத் தளமும் பிரிட்டனிடம் தொடர்ந்தன. அன்றைய இலங்கையிடம் சொந்தமாக நிரந்தரத் தரைப்படைகூட இல்லை, 1949 அக்டோபரில்தான் அது உருவானது. அருகில் ஒரு பெரிய இந்தியா சுதந்திரம் பெற்றிருந்தது, அதைப் பற்றிய அச்சமும் முதல் பிரதமர் டி.எஸ். சேனநாயக்கவுக்கு இருந்தது. எனவே அந்த முடிவு அறிவுகெட்டது என்று சொல்ல மாட்டேன்.

விலையும் உடனே தெரிந்தது. அந்நியத் தளம் உள்ள நாடு உண்மையில் சுதந்திர நாடா என்று கேட்டு, ஐ.நா.வில் இலங்கை சேருவதை சோவியத் யூனியன் தடுத்தது. 1955 டிசம்பர் வரை இலங்கை வெளியிலேயே நிற்க வேண்டியிருந்தது. தளம் என்பது காவல் மட்டும் அன்று, இலக்கும் கூட. 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையின் மீது குண்டு வீசியது அங்கே பிரிட்டிஷ் கடற்படை இருந்ததால்தான் என்பதை உங்கள் ஊர்ப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். 1956-இல் ஆட்சிக்கு வந்த பண்டாரநாயக்க பேச்சுவார்த்தை நடத்தி 1957-இல் இரு தளங்களையும் திரும்பப் பெற்றார். பிரிட்டனுடனான நட்பு அதனால் முறியவில்லை. வெளியே வரும் வழி இவ்வளவு அமைதியாக அமைந்தது அந்த ஒப்பந்தத்தின் பெரிய நற்பேறு.

கேள்வி: தளத்தை மூடச் சொன்ன ஒரு நாடு பிறகு வருந்தியது உண்டா?

பதில்: பிலிப்பைன்ஸைத்தான் எல்லோரும் உதாரணம் காட்டுவார்கள். 1991 செப்டம்பர் 16 அன்று, சூபிக் கடற்படைத் தளத்தை அமெரிக்காவுக்கு மேலும் நீட்டிக்கும் உடன்படிக்கையை அந்நாட்டு செனட் 12-க்கு 11 என்ற வாக்கில் நிராகரித்தது. 1992 நவம்பரில் கடைசி அமெரிக்கக் கப்பல்கள் கிளம்பின. 1995 தொடக்கத்தில், தென்சீனக் கடலில் பிலிப்பைன்ஸ் உரிமை கோரும் மிஸ்சீஃப் பவளத்திட்டில் சீனா கட்டுமானம் எழுப்பியிருப்பதை அந்நாடு கண்டது. 2012-இல் அதே கடலிலுள்ள ஸ்கார்பரோ திட்டும் சீனாவிடம் கைவிட்டுப் போயிற்று. 2014-இல் அமெரிக்கப் படைகள் சுழற்சி முறையில் வந்து தங்க வழிசெய்யும் புதிய உடன்பாட்டில் மணிலா கையெழுத்திட்டது. 2023-க்குள் அவ்வகை இடங்கள் ஒன்பதாயின.

இதை வைத்து, தளம் போனதால்தான் திட்டு போயிற்று என்று முடிவு கட்டுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. 1951-இல் அமெரிக்காவோடு செய்த பரஸ்பரப் பாதுகாப்பு ஒப்பந்தம் அத்தனை ஆண்டுகளும் நடப்பில்தான் இருந்தது. அதில் 'பசிபிக்' என்று எழுதியிருப்பது தென்சீனக் கடலையும் குறிக்குமா என்பது தெளிவில்லாமல் விடப்பட்டிருந்தது. குறிக்கும் என்று அமெரிக்க வெளியுறவு அமைச்சர் மணிலாவில் வெளிப்படையாகச் சொன்னது 2019 மார்ச்சில்தான். அந்தத் திட்டுகள் கைமாறி அதற்குள் பல ஆண்டுகள் ஆகிவிட்டிருந்தன. சூபிக்கில் தளம் மூடியபோது பிழைப்பு போய்விடுமே என்று அஞ்சிய ஒலாங்கப்போ நகரத்தார், கட்டடங்கள் சூறையாடப்படாமல் தாமே தொண்டர்களாக நின்று காவல் காத்தார்கள். பின்னர் அங்கே தடையில்லா வணிகத் துறைமுகம் அமைந்தது. 1991-இல் வாக்களித்த 23 பேரில் யார் சொன்னது சரி என்று அந்நாட்டில் இன்னும் விவாதிக்கிறார்கள். என்னைக் கேட்டால், அன்று தளத்தை மூடியதைவிட, ஒப்பந்தத்தின் அந்த ஒரு சொல்லுக்கு விளக்கம் எழுதி வாங்காமல் விட்டதையே பெரிய பிழை என்பேன்.