தவக்காலத்துக்கு முன்: உபதேசியாரிடம் கேட்டவை

ஈஸ்டருக்கு முந்தின நோன்புக் காலமான தவக்காலத்துக்கு, கத்தோலிக்கர்களாகிய நாம் எப்படித் தயாராவது என்று பலர் கேட்டிருந்தீர்கள். முப்பது வருஷம் மறைக்கல்வி சொல்லிக்கொடுத்த அனுபவத்தில், தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: தவக்காலம் 40 நாள் என்கிறோம். அது தொடங்கும் சாம்பல் புதனிலிருந்து, ஈஸ்டருக்கு முந்தின நாளான பெரிய சனி வரை எண்ணினால் 46 வருகிறதே?

பதில்: ஞாயிறு ஆண்டவர் உயிர்த்த நாள், அன்று ஒருசந்தி என்ற நோன்பு கிடையாது. ஆறு ஞாயிற்றைக் கழித்துப் பாருங்கள்.

கேள்வி: வயது 52, சுகர் இருக்கிறது. ஒருசந்தி இருக்காவிட்டால் பாவமா ஐயா?

பதில்: இல்லையம்மா. 18 வயது முடிந்ததிலிருந்து 59 முடியும்வரை உள்ளவர்களுக்குத்தான் ஒருசந்தி. அதுவும் சாம்பல் புதன், பெரிய வெள்ளி இரண்டு நாள்தான் கட்டாயம். ஒரு வேளை வயிறார, மற்ற இரண்டு வேளை கொஞ்சமாக. நோயாளிகளுக்கு விலக்கு உண்டு. நீங்கள் மாத்திரை போட்டு வேளைக்குச் சாப்பிடுங்கள். சீரியல் பார்க்கும் அரைமணி நேரத்தைச் செபமாலைக்குக் கொடுங்கள்.

கேள்வி: வெள்ளிக்கிழமை கறி கூடாது, சரி. மீன், முட்டை?

பதில்: சுத்தபோசனம் (கறி இல்லாச் சாப்பாடு) 14 வயதிலிருந்து. விலக்க வேண்டியது இறைச்சி. மீனுக்கும் முட்டைக்கும் தடையில்லை. ஆனால் கறிக்குப் பதிலாக வஞ்சிரம் வாங்கி வறுத்தால் நாம் எதை விட்டோம்? சின்ன வயதில் எங்கள் வீட்டில் தவக்கால வெள்ளி என்றால் கஞ்சியும் தேங்காய்த் துவையலும்தான். கறி வாங்காத காசை அம்மா அரிசிப் பானைக்குப் பக்கத்தில் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு வைப்பார். பெரிய வியாழனன்று அதை எண்ணி, தெருக்கோடியில் தனியாக இருந்த பாட்டிக்கு அரிசியும் எண்ணெயும் வாங்கிக் கொடுப்போம். பசித்தவரோடு உணவைப் பகிர்வதே தாம் விரும்பும் நோன்பு என்று பைபிளில் எசாயா 58ஆம் அதிகாரத்தில் கடவுள் சொல்கிறார். மிச்சம் பிடித்த காசு நம் பையிலேயே இருந்தால் அது சிக்கனம், நோன்பு இல்லை.

கேள்வி: வெளியூர் வேலை. குருவானவரிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறும் பாவசங்கீர்த்தனம் செய்து 12 வருஷம் ஆகிறது. மந்திரமெல்லாம் மறந்துபோச்சு. சாமி திட்டுவாரோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: உங்கள் கேள்வியைப் படித்ததும் மனசு நிறைந்தது தம்பி. இப்படித் தவிப்பதே பாதி தயாரிப்பு. நானும் இளவயதில் ஐந்து வருஷம் போகாமல் இருந்தவன். முழங்காலில் இருந்ததும் பாவத்துக்கு வருந்திச் சொல்லும் உத்தம மனஸ்தாப மந்திரத்தின் முதல் வரிகூட வரவில்லை. உள்ளே இருந்த வயதான சாமியார், "நான் சொல்றேன், கூடவே சொல்லு" என்று ஒவ்வொரு வரியாகச் சொல்லித்தந்தார். சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டேன்.

ஈஸ்டருக்கு முந்தின பெரிய வாரம்வரை தள்ளிப்போடாதீர்கள். அப்போது வரிசை நீளம், நிதானமாகப் பேச முடியாது. சாம்பல் புதனுக்கு முன் ஒரு மாலை, பத்துக் கட்டளைகளை ஒவ்வொன்றாக வாசித்து, மனதில் குத்துவதைத் தாளில் எழுதுங்கள். "சாமி, 12 வருஷம் ஆச்சு, உதவி பண்ணுங்க" என்று ஆரம்பித்தால் போதும். நீங்கள் சொன்னதைக் குருவானவர் யாரிடமும் சொல்ல முடியாது. தெரிந்தே வெளியிட்டால் அவரே திருச்சபையிலிருந்து விலக்கப்படுவார். முடிந்ததும் அந்தத் தாளைக் கிழித்துப்போடுங்கள்.

கேள்வி: சொத்துத் தகராறில் அண்ணனோடு மூன்று வருஷமாகப் பேச்சு இல்லை. தினமும் பூசைக்குப் போனால் போதாதா?

பதில்: போதாது தம்பி. காணிக்கையைப் பீடத்தின் முன் வைத்துவிட்டு, முதலில் போய்ச் சகோதரனோடு சமாதானம் செய்துகொள் என்று மத்தேயு 5இல் ஆண்டவரே சொல்லியிருக்கிறார். அதற்காக உங்கள் பங்கை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. வழக்கு ஒரு பக்கம் நடக்கட்டும். சாம்பல் புதனுக்கு முன் ஒரு போன் போட்டு, "அண்ணே, நல்லா இருக்கியா?" என்று மட்டும் கேளுங்கள். எடுக்காவிட்டால் அடுத்த வாரமும் போடுங்கள்.

கேள்வி: போன வருஷம் குருத்து ஞாயிறன்று வாங்கிய குருத்தோலையை எப்போது கோயிலில் கொடுப்பது?

பதில்: சாம்பல் புதனுக்கு முந்தின ஞாயிறே கொண்டுபோங்கள். வீட்டுச் சுரூபத்துக்கு (சிலைக்கு) பின்னால் செருகிய ஓலைச் சிலுவையைப் பிள்ளைகள் கையால் எடுக்கச் சொல்லுங்கள். அதை எரித்த சாம்பல்தான் புதனன்று அவர்கள் நெற்றிக்கு வருகிறது என்றும் சொல்லுங்கள். தவறிவிட்டால் வீட்டிலேயே எரித்துச் செடியடியில் புதைத்துவிடலாம். குப்பையில் மட்டும் போடாதீர்கள்.