செயின்சா போர்ட்டை அராவினால் தென்னை வேகமாக அறுபடுமா?

பட்டுக்கோட்டைப் பக்கம் தென்னை அறுக்கும் உங்கள் கேள்வி, டூ ஸ்ட்ரோக் செயின்சாவின் போர்ட்டை, அதாவது சிலிண்டர் சுவரில் வாயு போய்வரும் துளையை, பெரிதாக்கலாமா என்பது. ஆக்கலாம். ஆனால் எந்தப் பக்கம் அராவுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் போர்ட்டின் மேல் விளிம்பை உயர்த்தினால் அது சீக்கிரமே திறந்துகொள்ளும். வெடித்த வாயு பிஸ்டனைத் தள்ளும் தூரம் குறையும். ஆர்பிஎம் (எஞ்சின் சுழலும் வேகம்) ஏறும், இழுவை போய்விடும். முற்றிய தென்னையின் அடிமரத்துக்கு வேண்டியது இழுவை. அதனால் உயரத்தைத் தொடாதீர்கள். அகலத்தை மட்டும் கூட்டுங்கள். அதையும் சிலிண்டர் விட்டத்தில் 60 சதவீதத்தோடு நிறுத்துங்கள். மிஞ்சினால் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் போர்ட்டுக்குள் பிதுங்கி ஒடியும். சிலிண்டருக்குள்ளிருந்து வெளிப்பக்கமாகவே அராவ வேண்டும், இல்லாவிட்டால் உள்பூச்சு பெயரும். கடைசியில் விளிம்பின் கூர்மையை மழுக்கிவிடுங்கள்.

முதலில் சைலன்சர் வாயை அகலப்படுத்திப் பார்ப்பதே என் யோசனை. எதைச் செய்தாலும் கார்புரேட்டரில் முழு வேகத்துக்கான பெட்ரோல் அளவை மாற்றும் ‘எச்’ ஸ்க்ரூவைச் சற்றுத் திறந்து பெட்ரோலைக் கூட்டியாக வேண்டும். 2018 கஜா புயலில் சாய்ந்த மரங்களை அறுத்தபோது நான் இதை விட்டுவிட்டேன். கழற்றினால் பிஸ்டனின் எக்ஸாஸ்ட் பக்கம் நெடுகக் கீறல், ரிங் அசையவே இல்லை.

ஒன்று கவனியுங்கள்: தூள் மாவு மாதிரி வந்தால் குறை எஞ்சினில் இல்லை. மண் ஒட்டிய மரத்தில் செயின் மழுங்கியிருக்கிறது. பல்லைத் தீட்டிவிட்டு அறுத்துப் பாருங்கள்.