கூலி ஏறினால் ஆள் குறைவாக வேலை செய்வாரா?

மைக்ரோ (நுண்பொருளியல்) பாடத்தின் இரண்டாம் நிலையில் பலர் சிக்கும் இடம்தான் நீங்கள் கேட்டிருப்பது. நான் மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் வளர்ந்தவன், செம்பனையை (எண்ணெய்ப் பனை) வைத்தே சொல்கிறேன். மாமா குலை அறுப்பவர், டன் கணக்கில் கூலி. டன்னுக்கு 40 வெள்ளி (ரிங்கிட்) என்பது 60 ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். இப்போது ஒட்டுக்கடையில் தே தாரிக்கோடு (இழுத்து ஆற்றிய தேநீர்) ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் முன்பைவிட அதிகப் பணம் கைவிட்டுப் போகிறது, அதனால் இன்னும் நாலு குலை அறுக்கலாமே என்று தோன்றும். அது பதிலீட்டு விளைவு. ஆனால் பழைய அளவு அறுத்தாலே காசு கூடுதலாக வருகிறதே, மத்தியானமே வீட்டுக்குப் போவோம் என்றும் தோன்றும். அது வருமான விளைவு. எது பலமோ அது ஜெயிக்கும்.

ஓய்வையும் ஒரு பொருளாகவும் கூலியை அதன் விலையாகவும் பாருங்கள். சாதாரணப் பொருளில் (வருமானம் கூடினால் அதிகம் வாங்கும் பொருளில்) இரண்டும் ஒரே பக்கம் இழுக்கும், ஓய்வில் மட்டும் ஏன் எதிரெதிர்? மாமா தன் நேரத்தை விற்பவர், வாங்குபவர் அல்ல. விலை ஏறினால் விற்பவர் பணக்காரர் ஆகிறார், அவ்வளவுதான். (என் விரிவுரையாளர் இதை ஒரு வரியில் தாண்டிவிட்டார்.)

பரீட்சையில் படம் வரையும்போது இரண்டு விளைவையும் பிரிக்க, புதிய கூலியைக் காட்டும் வரவுசெலவுக் கோட்டுக்கு இணையாகத் துணைக்கோடு போடுங்கள். 1915-இல் பொருளியலாளர் ஸ்லட்ஸ்கி சொன்ன முறையென்றால் அது கூலி ஏறுமுன் தேர்ந்த பழைய புள்ளி வழியாகப் போகும், இன்னொரு பொருளியலாளரான ஹிக்ஸின் முறையென்றால் பழைய சமநோக்கு வளைகோட்டை (ஒரே அளவு திருப்தி தரும் புள்ளிகளின் கோட்டை) தொடும்.